‘மனுஸ்’ என்ற லத்தீன் பெண்பாற்சொல்: பொருளும் பயன்பாடும்

கேள்வி இது: லத்தீனில் ‘மனுஸ்’ என்றால் கை. -உஸ் என்று முடிகிற சொல் ஆண்பால் என்றுதான் முதல் பாடத்தில் சொல்லித் தருகிறார்கள். இது மட்டும் ஏன் பெண்பால்? ரோமச் சட்டத்தைப் பற்றிப் படிக்கும்போது ‘மனைவி கணவனுடைய மனுஸில் இருந்தாள்’ என்று வருகிறதே, அங்கே எந்தக் கை?

முதல் கேள்வியை முதலில் முடித்துவிடலாம். -உஸ் என்ற முடிவு ஒரே இனத்துக்கு உரியதல்ல. லத்தீன் பெயர்ச்சொற்கள் வேற்றுமை ஏற்கும் விதத்தால் ஐந்து வகுப்பாகப் பிரிகின்றன. முதல் பாடத்தில் வருகிற செர்வுஸ் (அடிமை), அமீகுஸ் (நண்பன்) இரண்டும் இரண்டாம் வகுப்பு. மனுஸ் நான்காம் வகுப்பு. அகராதியில் பார்த்தால் ‘மனுஸ், -ஊஸ், பெ.’ என்ற முறையில் இருக்கும் (பெ. என்பது பெண்பால்). இரண்டாவதாகத் தரப்படுவது ஆறாம் வேற்றுமை உருவம்; வகுப்பைக் காட்டிக்கொடுப்பது அதுதான். அங்கே -ஈ என்று இருந்தால் இரண்டாம் வகுப்பு, -ஊஸ் என்று இருந்தால் நான்காம் வகுப்பு. சொல்லின் முதல் உருவத்தை மட்டும் மனப்பாடம் செய்கிறவர்கள் பின்னால் திண்டாடுவது இதனால்தான்.

நான்காம் வகுப்பிலும் பெரும்பான்மை ஆண்பாலே. எக்ஸெர்கிதுஸ் (படை), ஃப்ரூக்துஸ் (பழம், பயன்) எல்லாம் ஆண்பால். பெண்பால் சொற்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்: மனுஸ், தொமுஸ் (வீடு), த்ரிபுஸ் (குலப்பிரிவு), பொர்திகுஸ் (தூண்வரிசை மண்டபம்), அகுஸ் (ஊசி), நுருஸ் (மருமகள்), சொக்ருஸ் (மாமியார்), அனுஸ் (கிழவி), மாத நடுநாளைக் குறிக்கும் ஈதூஸ். அடிக்கடி கண்ணில் படுபவை இவ்வளவுதான். கடைசிக்கு முந்தையதை உச்சரிக்கும்போது முதல் எழுத்தை நீட்டிவிடாதீர்கள். நீட்டினால் அது ஆசனவாயைக் குறிக்கும் வேறொரு சொல், அதுவும் இரண்டாம் வகுப்பு ஆண்பால்.

மருமகளும் மாமியாரும் பெண்பாலாக இருப்பதில் வியப்பில்லை. கை ஏன்? நமக்குப் பால் என்பது பொருளைப் பார்த்துத் தீர்மானிப்பது. கை அஃறிணை, அத்தோடு தீர்ந்தது. லத்தீனில் பால் சொல்லுக்கு உரியது. மனுஸ் பெண்பால் என்றால் கைக்கு ஏதோ பெண்மை இருக்கிறது என்று அர்த்தமில்லை. அதோடு சேரும் பெயரடை பெண்பால் உருவத்தில் வரவேண்டும், அவ்வளவுதான். ‘பெரிய கை’ என்பதற்கு ‘மனுஸ் மக்னுஸ்’ என்று எழுதினால் தவறு. ‘மனுஸ் மக்ன’ என்பதே சரி. இரண்டு சொல்லின் முடிவும் ஒன்றுபோல ஒலிக்க வேண்டும் என்று காது கேட்கும். அதற்கு இடம் கொடுக்கக்கூடாது.

இதற்கு நல்ல வழி, சொல்லைத் தனியாகப் படிக்காமல் ‘மனுஸ் தெக்ஸ்த்ர’ (வலக்கை), ‘மனுஸ் சினிஸ்த்ர’ (இடக்கை) என்று சோடியாகவே மனத்தில் பதித்துக்கொள்வது. ரோமர்கள் பல இடங்களில் மனுஸை விட்டுவிட்டு வெறும் ‘தெக்ஸ்த்ர’ என்றே எழுதுவார்கள். பெயர்ச்சொல் காணாமல் போனாலும் அதன் பால் பெயரடையில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

இந்தப் பெண்பால் பிடிவாதமானது. லத்தீன் சிதைந்து பல மொழிகளாகப் பிரிந்தபோது -உஸ் என்று முடிகிற பெண்பால் சொற்கள் பேசுகிறவர்களுக்குத் தொல்லையாக இருந்தன. ஒன்று முடிவை மாற்றினார்கள், அல்லது பாலை மாற்றினார்கள். பழைய பிழைதிருத்தப் பட்டியல் ஒன்றில் ‘நுருஸ் என்று சொல், நுர என்று சொல்லாதே, சொக்ருஸ் என்று சொல், சொக்ர என்று சொல்லாதே’ என்று இருக்கிறது. மக்கள் அப்போதே -அ முடிவுக்குத் தாவிவிட்டார்கள் என்பதற்கு அதுவே சாட்சி. இன்றைய ஸ்பானிய மொழியில் மருமகள் ‘நுவேரா’. ஊசியைக் குறித்த அகுஸ் இத்தாலிய மொழியில் ‘ஆகோ’ என்று ஆண்பாலாகிவிட்டது. மனுஸ் மட்டும் இரண்டுக்கும் மசியவில்லை. ஸ்பானியத்திலும் இத்தாலியத்திலும் அது ‘லா மானோ’: முடிவு ஆண்பால் தோற்றம், முன்னால் வரும் ‘லா’ பெண்பால். பிரெஞ்சில் ‘லா மேன்’ என்று பெண்பாலாகவே நிற்கிறது. ருமேனிய மொழி மட்டும் முடிவை மாற்றிப் பெண்பால் தோற்றம் கொடுத்துவிட்டது.

இனி உருவங்கள். ஒருமையில்: எழுவாய் மனுஸ், இரண்டாம் வேற்றுமை மனும், நான்காம் வேற்றுமை மனுயீ, ஆறாம் வேற்றுமை மனூஸ். நம் மூன்று, ஐந்து, ஏழாம் வேற்றுமைகளின் வேலையையெல்லாம் ஒன்றாகச் செய்யும் ஓர் உருவம் இருக்கிறது, அது மனூ. பன்மையில் எழுவாயும் இரண்டாம் வேற்றுமையும் மனூஸ், ஆறாம் வேற்றுமை மனுவும், மற்ற எல்லாவற்றுக்கும் மனிபுஸ். அந்த ‘பு’வை ‘புத்தி’யில் வருகிற மாதிரி மெலிதாகச் சொல்ல வேண்டும். த்ரிபுஸ் போன்ற சில சொற்கள் இந்த இடத்தில் -உபுஸ் என்று வரும். அதைப் பார்த்து ‘மனுபுஸ்’ என்று உருவாக்கிவிட வேண்டாம்.

குறில் நெடிலைக் கவனித்திருப்பீர்கள். மனுஸ் என்றால் ஒரு கை, எழுவாய். மனூஸ் என்றால் ‘கையினுடைய’ அல்லது ‘கைகள்’ அல்லது ‘கைகளை’. பழைய லத்தீன் எழுத்து முறை இந்த வேறுபாட்டைக் காட்டாது. பாடப்புத்தகங்களில் நெடிலின் மேல் ஒரு கோடு போட்டிருப்பார்கள். அச்சான இலக்கியப் பதிப்புகளில் அதுவும் பெரும்பாலும் இருக்காது. ஆகவே பக்கத்தில் ஒரே மாதிரி எழுதப்பட்ட அந்த ஐந்தெழுத்துச் சொல் நான்கு வேலைகளில் ஒன்றைச் செய்துகொண்டிருக்கலாம். தமிழில் குறிப்பெழுதிப் படிக்கிறவர்களுக்கு இங்கே ஒரு வசதி உண்டு. நம் எழுத்தில் குறிலும் நெடிலும் தனித்தனி என்பதால், நோட்டில் தமிழிலேயே எழுதிக்கொண்டால் எந்த உருவம் என்பது மறக்காது.

எது எங்கே என்று கண்டுபிடிக்க ஒரு வாக்கியத்தைப் பிரித்துப் பார்ப்போம். கிமு 54 குளிர்காலம். கால் (Gaul, இன்றைய பிரான்சும் அதன் சுற்றுப்புறமும்) நாட்டில் எபுரோனெஸ் இனத்தாரின் பகுதியில் ஒரு ரோமப் பாசறை. அதற்கு சபீனுஸ், கொத்த என்று இரண்டு தளபதிகள். ஆபத்து வருகிறது, பாசறையைவிட்டுப் போய்விடுங்கள் என்று எதிரித் தலைவன் அம்பியொரிக்ஸே வந்து சொல்கிறான். போகலாம் என்கிறார் சபீனுஸ், கூடாது என்கிறார் கொத்த. வாக்குவாதம் நள்ளிரவு வரை நீள்கிறது. அப்புறம் சீசர் எழுதுகிறார்: ‘தந்தெம் தத் கொத்த பெர்மோதுஸ் மனூஸ்.’

நீளக்குறி இல்லாத பதிப்பில் கடைசி இரண்டு சொல்லும் -உஸ், -உஸ் என்று முடியும். புதிதாகப் படிப்பவர்கள் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து ‘அசைந்த கை’ என்று பொருள் கொள்வார்கள். அது முடியாது. மனுஸ் பெண்பால், ‘அசைந்த கை’ என்றால் ‘பெர்மோத’ என்று இருந்திருக்க வேண்டும். பெர்மோதுஸ் ஆண்பால் ஒருமை எழுவாய். அப்படியானால் அது யாரோடு சேரும்? கொத்தவோடு. -அ என்று முடிந்தாலும் அது ஓர் ஆணின் பெயர். பெண்பால் போல் தெரிகிற சொல் ஆண்பால், ஆண்பால் போல் தெரிகிற சொல் பெண்பால்: ஒரே வாக்கியத்தில் இரண்டு கண்ணிகள். இனி வினை. ‘தத்’ என்றால் ‘கொடுக்கிறான்’. எதை என்று கேட்கிற வினை. எழுவாய் கொத்த என்று முடிவாகிவிட்டதால் மிச்சமிருக்கிற மனூஸ் செயப்படுபொருள், பன்மை. ‘கடைசியில் மனம் கலங்கிக் கொத்த கைகளைக் கொடுக்கிறார்.’

கைகளைக் கொடுப்பது என்றால் கட்டுவதற்காகக் கைகளை நீட்டுவது, அதாவது பணிந்துபோவது. தமிழில் ‘கைகொடுத்தார்’ என்றால் உதவினார் என்று நேர்எதிராகப் போய்விடும். ‘இறங்கிவந்தார்’ என்று பெயர்க்கலாம். மறுநாள் விடிந்ததும் புறப்பட்ட அந்தப் படை வழியிலேயே வளைத்துக்கொள்ளப்பட்டு அழிந்தது.

இந்த முறையையே எல்லா இடத்திலும் பின்பற்றலாம். முதலில் பெயரடைகளின் பாலைப் பாருங்கள், அடுத்து வினை ஒருமையா பன்மையா என்று பாருங்கள், அதன்பிறகு அந்த வினைக்குச் செயப்படுபொருள் தேவையா என்று பாருங்கள். மூன்றும் கைவிட்டால், பக்கத்தில் வேறொரு பெயர்ச்சொல் துணை தேடி நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் அது ஆறாம் வேற்றுமை மனூஸ்.

முதல் எழுத்திலும் நீளம் முக்கியம். ‘மானேஸ்’ என்றால் இறந்தோர் ஆவிகள். அதன் நான்காம் வேற்றுமை ‘மானிபுஸ்’. ரோமக் கல்லறைக் கற்களின் தலைப்பில் இரண்டே எழுத்தாகச் சுருக்கி வெட்டியிருப்பது ‘தீஸ் மானிபுஸ்’, அதாவது ஆவித் தெய்வங்களுக்கு. கைகளுக்கு மனிபுஸ், ஆவிகளுக்கு மானிபுஸ். வெர்ஜிலின் காவியத்தில் ஆறாம் காண்டம் 883ஆம் அடி இதைச் சோதித்துப் பார்க்க வசதியானது. கிமு 23இல் இளம் வயதில் இறந்த அகுஸ்துஸின் மருமகன் மார்கெல்லுஸைப் பற்றியது: ‘தூ மார்கெல்லுஸ் எரிஸ். மனிபுஸ் ததெ லீலிய ப்லேனீஸ்.’ நீ மார்கெல்லுஸ் ஆவாய். கை நிறைய அல்லிமலர் தாருங்கள். இடமோ பாதாள உலகம், பேச்சோ சாவைப் பற்றியது. ஆவிகளுக்கு மலர் கொடுங்கள் என்று படிக்கத் தோன்றும். யாப்பு அதற்கு இடங்கொடுப்பதில்லை. லத்தீன் யாப்பில் நெடிலும் ஒற்றடுத்த குறிலும் கனத்த அசை, தனிக்குறில் இலேசான அசை. அடியின் மூன்றாம் சீர் ‘ரிஸ்-ம-னி’: ஒரு கனம், இரண்டு இலேசு. ‘ரிஸ்-மா-னி’ என்று படித்தால் கனம், கனம், இலேசு என்றாகி அந்த ஆறுசீர் அடியில் எங்குமே பொருந்தாது. அசை பிரித்துப் பழகிய தமிழ் வாசகருக்கு இந்தச் சோதனை எளிது. ‘நிறைந்த’ என்ற ‘ப்லேனீஸ்’ கைகளோடுதான் சேரும் என்பதும் கூடுதல் சான்று.

பொருளுக்கு வருவோம். உடலில் மனுஸ் என்பது மணிக்கட்டுக்குக் கீழே உள்ள பகுதி. முழங்கைக்குக் கீழே ‘ப்ரக்கியும்’, மேலே ‘லகெர்துஸ்’. தமிழில் தோள் முதல் விரல் வரை எல்லாமே கை. ‘கை முறிந்துவிட்டது’ என்றால் பெரும்பாலும் முன்கை எலும்பைச் சொல்கிறோம். அதை லத்தீனில் மனுஸ் என்று எழுதினால் வேறு எலும்பைத் தேடுவார்கள்.

எண்ணிக்கையிலும் இரு மொழிக்கும் வழக்கு வேறு. கையைக் கட்டிக்கொண்டு நின்றான், கை கூப்பினான் என்று நாம் ஒருமையில் சொல்லி இரண்டையும் குறிப்போம். லத்தீன் அங்கே பன்மை கேட்கும்: கை தூக்குவது ‘மனூஸ் தொல்லெரெ’. அதேசமயம் ஆங்கிலம் வழியாக லத்தீன் படிக்கிறவர்கள் செய்கிற ஒரு தவறு நமக்கு வரவேண்டியதில்லை. ‘தன் கையைத் தூக்கினான்’ என்று ஒவ்வொரு முறையும் ‘தன்’ சேர்க்க வேண்டாம். வேறொருவன் கை என்று ஐயம் வந்தால்தான் லத்தீன் அதைச் சேர்க்கும், தமிழைப் போலவே.

உருபில்லாமல் தனியாக வரும் மனூ, ‘கையால்’. அதிலிருந்து ‘மனித உழைப்பால்’, ‘பலத்தால்’ என்று பொருள் விரியும். ஒரு நகரத்தைச் சொல்லும்போது சீசர் அது ‘இடத்தின் இயற்கையாலும் மனூவாலும்’ காப்புடையது என்பார்: இயல்பான அரண், அதற்கு மேல் ஆள் வைத்துக் கட்டிய அரண். இங்கே கையைத் தேடினால் வாக்கியம் கெடும். ‘செயற்கையாலும்’ என்றால் சரியாக உட்காரும்.

‘இன்’ போன்ற முன்னிடைச்சொல்லோடு வரும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். ‘இன் மனூ’ என்றால் கையில் இருப்பது. ‘இன் மனும்’ என்றால் கைக்கு வந்து சேர்வது. முதலாவது நிலை, இரண்டாவது இயக்கம். கையில், கைக்கு என்று உருபு மாற்றி நாம் காட்டுவதை அவர்கள் ‘இன்’னை அப்படியே வைத்துவிட்டுப் பெயரின் வேற்றுமையை மாற்றிக் காட்டுகிறார்கள். சட்டப் பகுதியில் இது திரும்ப வரும். பன்மையில் ‘இன் மனிபுஸ்’ கைவசம் நடந்துகொண்டிருக்கிற வேலையைக் குறிக்கும். முதுமையைப் பற்றிய சிசெரோவின் நூலில் கிழவர் காத்தோ, தன் வரலாற்று நூலின் ஏழாம் பகுதி ‘இன் மனிபுஸ்’ இருப்பதாகச் சொல்கிறார்: எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று பொருள்.

‘பெர் மனூஸ்’ என்றால் கைமாற்றிக் கைமாற்றி. இதற்குக் கிமு 52 அவாரிகும் முற்றுகையில் சீசர் தரும் காட்சியைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது. ரோமர்களின் முற்றுகைக் கோபுரத்துக்கு எதிரே, நகர வாயிலின் முன் நின்று ஒரு கால் நாட்டான், பின்னாலிருந்து ‘பெர் மனூஸ்’ வந்துகொண்டிருந்த கொழுப்பு உருண்டைகளையும் நிலக்கீல் போன்ற பிசின் உருண்டைகளையும் தீயில் எறிந்துகொண்டிருக்கிறான். எறிபொறியின் அம்பு வலப்பக்கம் பாய்ந்து விழுகிறான். பக்கத்தில் இருந்தவன் கிடக்கிறவனைத் தாண்டி வந்து அதே வேலையைத் தொடர்கிறான். அவனும் விழ மூன்றாமவன், அப்புறம் நான்காமவன். அந்தப் பொருள் வரிசையாக நிற்பவர்களின் கைகள் வழியே நகர்ந்து வருகிறது என்பதை இரண்டே சொல் காட்டிவிடுகிறது. இதே தொடர், தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வரும் வழக்கத்துக்கும் பயன்படும்.

படைக்குழுவும் மனுஸ்தான். ‘நொவ மனுஸ்’ என்று சீசர் எழுதினால் அது சுவேபி இனத்தாரின் புதிய படை. புதிய கை அல்ல. பெயரடை ‘நொவ’ என்று பெண்பாலில் வந்திருப்பதைப் பாருங்கள். ‘மக்ன மனுஸ்’ என்று போர் வரலாற்றில் வந்தால் பெரும்பாலும் பெரும்படை. சோழர் கல்வெட்டுகளில் ‘வலங்கை வேளைக்காரர்’ என்று படைப்பிரிவுக்குப் பெயர் வருவதை அறிந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. ஒன்றிலிருந்து ஒன்று வந்ததல்ல, ஒரே எண்ணம் இரண்டு இடத்தில் தோன்றியிருக்கிறது.

யானைத் தும்பிக்கையும் மனுஸ். யானையின் உடல் பெரிது, இரையை எட்டுவது கடினம், அதனால் அதற்குக் கை கொடுக்கப்பட்டது என்று சிசெரோ எழுதுகிறார். கவிஞர் லுக்ரேதியுஸ் யானைக்கு ‘அங்குயிமனுஸ்’, பாம்புக்கையன், என்று அடைமொழி கொடுத்து, அப்படிப்பட்டவை ஆயிரக்கணக்கில் சேர்ந்து இந்தியாவுக்குத் தந்தமதில் போல நிற்பதாகப் பாடினார். யானையைக் ‘கைம்மா’ என்று அழைத்த மொழிக்காரர்களுக்கு இங்கே உரையே வேண்டாம்.

கப்பல் போரில் எதிரிக் கப்பலைக் கொக்கி போட்டு இழுக்கும் கருவி ‘மனுஸ் ஃபெர்ரெய’, இரும்புக்கை. கிமு 49இல் மசிலியா துறைமுகத்துக்கு அருகே நடந்த போரில் சீசரின் ஆட்கள் இதைத் தயாராக வைத்திருந்தார்கள். ஒருவருடைய கையெழுத்தும் மனுஸ். ரோம அரசைக் கவிழ்க்கக் கதிலினா செய்த சதியில் சிக்கியவர்களிடம் கடிதங்களைக் காட்டியபோது, ஸ்தாதிலியுஸ் தன் ‘முத்திரையையும் மனுஸையும்’ ஒப்புக்கொண்டான் என்று சிசெரோ சொல்வது கையெழுத்தைத்தான்.

சொலவடைகளில் இரண்டு போதும். ‘மனுஸ் மனும் லவத்’: கை கையைக் கழுவும். நீ எனக்குச் செய், நான் உனக்குச் செய்கிறேன் என்பதற்கு. கொஞ்சம் கொச்சையான, உள்ளுக்குள் பேரம் பேசுகிற தொனி. வாழ்த்து மடலில் ஒற்றுமைக்கு உதாரணமாகப் போட்டால் பொருத்தமாக இருக்காது. ‘மனும் தெ தபுல’: படத்திலிருந்து கையை எடு, அதாவது போதும், நிறுத்து. சக ஓவியர் ப்ரோதோகெனெஸ் எல்லாவற்றிலும் தனக்கு நிகர், ஆனால் படத்திலிருந்து எப்போது கையை எடுப்பது என்று தெரிவதில் தான் ஒரு படி மேல் என்று ஓவியர் அபெல்லெஸ் சொன்னதாகப் ப்லீனி எழுதியிருக்கிறார்.

இப்போது இரண்டாவது கேள்வி. சட்டத்தில் மனுஸ் என்பது அதிகாரம். குறிப்பாக, கணவனுக்கு மனைவிமேல் உள்ள சட்ட அதிகாரம். திருமணத்தில் கைப்பிடிப்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது அதுதான். ரோமத் திருமணச் சிற்பங்களிலும் மணமக்கள் வலக்கை கோத்து நிற்பார்கள், ஆனால் அதனால் மனுஸ் உண்டாகாது. மனுஸ் இல்லாமலும் முறையான திருமணம் இருந்தது.

கிபி இரண்டாம் நூற்றாண்டுச் சட்ட ஆசிரியர் காயுஸ், மனைவி ‘இன் மனும்’ வந்துசேரும் வழிகள் மூன்று என்கிறார். ஒன்று, பத்துச் சாட்சிகள் முன்னிலையில் ஒருவகைக் கோதுமை அப்பம் வைத்துச் செய்யும் சமயச் சடங்கு. இரண்டு, ஐந்து சாட்சிகளும் தராசு பிடிக்கிற ஒருவரும் இருக்க நடக்கும் பாவனை விற்பனை. மூன்று, ஓராண்டு தொடர்ந்து சேர்ந்து வாழ்வது. மூன்றாவதைத் தவிர்க்க விரும்பினால் ரோமின் பழைய எழுத்துச் சட்டமான பன்னிரண்டு பலகைச் சட்டம் ஒரு வழி வைத்திருந்தது: மனைவி ஒவ்வோர் ஆண்டும் மூன்று இரவு வீட்டுக்கு வெளியே தங்கினால் ஆண்டுத் தொடர்ச்சி அறுந்துவிடும், மனுஸ் உண்டாகாது. காயுஸ் எழுதிய காலத்திலேயே இந்த மூன்றாம் வழி வழக்கொழிந்துவிட்டது. மனுஸுக்குள் வந்த மனைவி சட்டத்தின் கண்ணில் கணவனுக்கு மகள் நிலையில் இருந்தாள். பிறந்த வீட்டு வாரிசுரிமை போய், கணவன் வீட்டில் மகளைப் போலப் பங்கு கிடைத்தது. இதைக் ‘கை’ என்று மொழிபெயர்க்காதீர்கள். ‘மனுஸ்’ என்றே வைத்து முதல் இடத்தில் விளக்கிவிடுவது நல்லது; கட்டாயம் பெயர்க்கத்தான் வேண்டும் என்றால் ‘கணவன் ஆளுகை’ பொருந்தும்.

சட்டத்தில் உண்மையான கையே வருகிற இடமும் உண்டு. ‘மனூஸ் இனியெக்தியோ’, கைபோடுதல். இங்கே மனூஸ் ஆறாம் வேற்றுமை. குறிலாக உச்சரிப்பது பரவலான பிழை. தீர்ப்பான கடனை அடைக்கப் பன்னிரண்டு பலகைச் சட்டம் 30 நாள் அவகாசம் கொடுத்தது. அதற்குள் தராவிட்டால் கடன்கொடுத்தவர், இன்ன தொகைக்கு உன்மீது கைபோடுகிறேன் என்ற வாசகத்தைச் சொல்லிக்கொண்டே கடனாளியின் உடலில் ஏதாவதொரு பகுதியைப் பிடிப்பார். வாசகத்தோடு பிடியும் சேர்ந்தால்தான் செல்லும். (நம் ‘கைது’ இப்படிக் கையிலிருந்து வந்ததாகத் தோன்றும், அது அரபு மொழிச் சொல். பொருத்தம் தற்செயல்.)

பிடித்தல் மனுஸோடு சேர்ந்து ‘மன்கிபியும்’ ஆனது: கையால் பற்றி உரிமையாக்கும் முறை, அப்படி உரிமையாக்கப்பட்ட பொருள், கடைசியில் அடிமை. அதிலிருந்து வெளியேற்றுவது ‘எமன்கிபாதியோ’. தந்தை மகனை மூன்று முறை விற்றால் மகன் தந்தையிடமிருந்து விடுபடுவான் என்ற பழைய விதியைத் தண்டனையாகத்தான் முதலில் வைத்திருந்தார்கள் போலும். பிறகு அதையே மூன்று பாவனை விற்பனையாக நடத்தி மகனுக்கு விடுதலை தர உத்தியாக்கிக்கொண்டார்கள். அடிமையை விடுவிப்பது ‘மனூமிஸ்ஸியோ’, கையிலிருந்து அனுப்புதல். இஷ்டம்போல் செய்ய முடியாது: கிபி 4ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமையாளர் 20 வயதுக்குக் குறைந்தவராகவோ அடிமை 30 வயதுக்குக் குறைந்தவராகவோ இருந்தால் தனிக் காரணம் காட்ட வேண்டும். விடுதலையாகிறவரின் மதிப்பில் இருபதில் ஒரு பங்கு வரி வேறு.

எழுத்து வேலைக்கென்று வைத்திருந்த அடிமைக்கு ‘ஆ மனூ’ என்று பெயர். சீசரை நஞ்சிட்டுக் கொல்வதாக எதிரிகளிடம் வாக்களித்த ஃபிலேமோன் அப்படிப்பட்ட ஒருவன். தேர்வில் எழுத முடியாதவர்களுக்காக எழுதித்தருகிறவரைக் குறிக்கும் ‘அமானுவென்சிஸ்’ இந்த வழியில் வந்தது. மேனுவல், மேனுஃபாக்சர், மேனுஸ்கிரிப்ட் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை, பார்த்தாலே தெரியும். பார்த்தால் தெரியாதது நீதிமன்றத்தில் தினமும் அடிபடுகிற ‘மாண்டமஸ்’. ‘மந்தாமுஸ்’ என்றால் ‘கட்டளையிடுகிறோம்’. ‘மந்தோ’ என்ற அந்த வினையை, கையில் கொடுப்பது, அதாவது பொறுப்பை ஒப்படைப்பது என்று மனுஸிலிருந்து விளக்குகிறார்கள். அரசமைப்பின் 226ஆம் பிரிவின்கீழ் சென்னை உயர் நீதிமன்றம் பிறப்பிக்கும் செயலுறுத்தும் பேராணை இதுதான். ஆனால் இது வினையின் பன்மை உருவம்; ‘மாண்டமஸ்’ஸையும் -உஸ் முடிவைப் பார்த்துப் பெயர்ச்சொல்லாக்கி, லத்தீன் பன்மை என்று நினைத்து ‘மாண்டமி’ என்று எழுதுவது தவறு.

தொடர்பே இல்லாதவையும் சில. மாளிகையைக் குறிக்கும் ‘மேன்ஷன்’ தங்குதல் என்ற பொருளுள்ள ‘மனெயோ’விலிருந்து வருவது. ‘மானெ’ என்றால் காலையில். சம்ஸ்கிருத ‘மனு’, ‘மனுஷ்ய’ மனிதனைக் குறிக்கும் வேறு வேர். இணையத்தில் அவற்றை லத்தீன் மனுஸோடு முடிச்சுப் போட்டு வருகிற விளக்கங்களைப் புறக்கணிக்கலாம். சம்ஸ்கிருதத்தில் கைக்கு ‘ஹஸ்த’, ‘பாணி’, ‘கர’ போன்ற சொற்கள் உண்டு. மனுஸோடு ஒத்த சொல் அங்கே கைக்கு இல்லை.